ஸ்டார் ட்ரெக் சிறுகலங்கள்: உங்கள் குழுவுக்கு எது பொருந்தும்?

ஸ்டார் ட்ரெக் உலகில் சொந்தமாகக் கதை எழுதுகிறவர்களும், நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதே உலகில் ரோல்-பிளேயிங் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் ஆட்டம்) ஆடுகிறவர்களும், தாய்க்கப்பலைத் தேர்ந்தெடுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எந்த வகை, எத்தனை தளம், எத்தனை டார்பிடோ என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுப்பார்கள். சிறுகலம் என்று வரும்போது மட்டும் ‘ஒரு ஷட்டில்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இது பெரிய இழப்பு. 1966 முதல் ஓடிக்கொண்டிருக்கும் இந்த விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடர்வரிசையில் மனிதர்கள் நெருக்கடியில் வெளிப்படும் நல்ல அத்தியாயங்கள் பல, நாலு பேர் முட்டிமோதிக்கொள்ளும் ஒரு சிறுகலத்துக்குள்தான் நடக்கின்றன.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வேகமும் ஆயுதமும் கடைசியில் வரட்டும். தாய்க்கப்பல் வர முடியாது, கலமும் பழுது என்ற நிலையில் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை முதலில் பாருங்கள். எத்தனை நாள் காற்று? எவ்வளவு எரிபொருள்? அவர்கள் கூப்பிடும் குரல் எவ்வளவு தூரம் போகும்? எல்லாக் கலங்களையும் இந்த மூன்று கேள்வியால்தான் இங்கே அளக்கிறோம்.

ஆட்களை நொடியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி இருக்கும்போது சிறுகலம் எதற்கு என்று ஆட்டக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். டிரான்ஸ்போர்ட்டர் எட்டுவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். கப்பலைச் சுற்றிய ஆற்றல் கவசம் எழும்பியிருந்தால் வேலை செய்யாது. அயனிப் புயலிலும் சில கனிமங்கள் நிறைந்த நிலத்தடியிலும் கைகொடுக்காது. சில பொருள்களை அதில் அனுப்பவே கூடாது. ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் 1990 அத்தியாயம் ஒன்றில் ஹைட்ரிட்டியம் என்ற நிலையற்ற பொருளை டேட்டா என்ற இயந்திர மனிதர், ஷட்டில்பாட் என்ற குட்டிக் கலத்தில் ஏற்றி ஏற்றித்தான் கொண்டுவருகிறார். அந்தப் பயணத்தில்தான் ‘பைக்’ என்ற கலம் வெடித்து, டேட்டா இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். கதைக்குச் சிறுகலம் தேவைப்பட்டால் இந்தக் காரணங்களில் ஒன்றை முதல் காட்சியிலேயே ஊன்றிவிடுங்கள். பிறகு சமாளிக்கப் பார்த்தால் ஒட்டாது.

முதல் தொடருக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1966 அக்டோபரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகிவிட, கப்பல் அதிகாரி சூலுவும் மற்றவர்களும் உறையும் கோளில் மாட்டிக்கொண்டு, பாறைகளைப் பேசர் என்ற கதிர்த் துப்பாக்கியால் சூடாக்கிக் குளிர் காய்கிறார்கள். ஒரு ஷட்டிலை அனுப்பி ஏற்றி வரலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். படப்பிடிப்புக் குழுவிடம் அப்போது ஷட்டிலே கிடையாது. பிறகு ஏஎம்டி என்ற பொம்மை மாடல் தயாரிக்கும் நிறுவனம், அந்தக் கலத்தின் மாடல் தொகுப்பை விற்கும் உரிமைக்கு ஈடாக, முழு அளவுக் கலம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. அதுதான் கலிலியோ, பதிவெண் என்சிசி-1701/7.

கலிலியோவின் குணம் முழுவதும் 1967 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பான ‘தி கலிலியோ செவன்’ அத்தியாயத்தில் இருக்கிறது. ஸ்பாக் தலைமையில் ஏழு பேர். முராசாகி 312 என்ற விண்பொருளின் பாதிப்பால் கலம் திசைமாறி ஒரு கோளில் விழுகிறது. அதே பாதிப்பு தாய்க்கப்பலான என்டர்பிரைஸின் உணர்கருவிகளையும் குருடாக்கிவிட்டதால் தேடுகிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மேலே கிளம்ப 500 பவுண்டு எடை குறைய வேண்டும், ஏறக்குறைய 227 கிலோ. வளர்ந்த மூன்று ஆட்களின் எடை அது. அந்தக் கணக்கு வாயிலிருந்து வந்ததும் கலத்துக்குள் நிலவும் இறுக்கத்தைக் கவனியுங்கள். பிறகு எரிபொருள் குழாய் உடைந்து இருந்ததும் வீணாகிறது. பொறியாளர் ஸ்காட்டி கைப்பேசர்களின் ஆற்றலை உறிஞ்சி எரிபொருளுக்குப் பதிலாக ஏற்றுகிறார். விளைவு: வெளியே ஈட்டியோடு காத்திருக்கும் பெரிய உயிரினங்களுக்கு எதிராகக் கையில் ஆயுதம் இல்லை. கிளம்பும் நேரத்தில் அவை கலத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபடவே எரிபொருளில் ஒரு பங்கு கரைகிறது. எப்படியோ சுற்றுப்பாதையை எட்டியதும், மிச்சம் இருந்த அத்தனையையும் ஸ்பாக் வெளியே விட்டுக் கொளுத்துகிறார். அந்த ஒளிக்கோட்டை என்டர்பிரைஸ் பார்க்கிறது. ஏழு பேரில் ஐவர் பிழைக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு இதில் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. கலிலியோவில் ஆற்றல், எடை, ஆயுதம் மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். கதாபாத்திரங்களை வாதாட வைக்க இதைவிட நல்ல கலம் இந்த வரிசையில் இல்லை. குறையும் உண்டு. உள்ளரங்கை நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்குக் கட்டினார்கள், வெளிக்கூட்டை அதைவிடச் சிறியதாகக் கட்டினார்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. வரைபடம் போடும்போது உள்ளரங்க அளவையே எடுத்துக்கொண்டு வெளிக்கூட்டைப் பெரிதாக்குங்கள். வெளி அளவைப் பிடித்தால் ஏழு பேரும் குனிந்தேதான் நடக்க வேண்டும். (அந்த மூலக் கூடு பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 2012இல் ஏலம் போய், சீரமைக்கப்பட்டு, 2013இல் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. அது அழியாமல் தப்பியதே பெரிய விஷயம்.)

அடுத்து வார்ப் (ஒளியைவிட வேகமாகச் செல்லும் இயக்கம்) இல்லாத சிறு பாட்கள். இரண்டு உண்டு, இரண்டும் வேறு வேறு ரகம்.

‘என்டர்பிரைஸ்’ தொடரின் (2001–2005) ஷட்டில்பாட், கப்பலின் அடிவயிற்றிலிருந்து கீழே இறங்கிப் பிரிந்து போகும். வளிமண்டலத்தில் நன்றாகப் பறக்கும். ஒளிவேகத்தைத் தாண்டாது. 2002 பிப்ரவரியில் வந்த ‘ஷட்டில்பாட் ஒன்’ அத்தியாயத்தை, சிறுகலக் கதை எழுத நினைப்பவர் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். ட்ரிப், ரீட் என்ற இரு அதிகாரிகள் ஒரு விண்கல்லின் மேல் என்டர்பிரைஸின் சிதைந்த துண்டைப் பார்த்துத் தாய்க்கப்பல் அழிந்துவிட்டதாக முடிவுசெய்கிறார்கள். கையில் பத்து நாள் காற்று. கண்ணுக்குத் தெரியாத நுண்கருந்துளை ஒன்று கலத்தைத் துளைத்துப் போக, காற்று வெளியேறுகிறது. துளையை அடைக்க ரீட் எடுப்பது உணவுப் பொதியில் இருந்த மசித்த உருளைக்கிழங்கை! காற்றுத் தொட்டியும் சேதமாகிவிட்டதால் பத்து நாள் இரண்டு நாளுக்கும் கீழே சுருங்குகிறது. சூடேற்றியைக் குறைத்தால் சில மணி நேரம் கூடுதலாக மூச்சு விடலாம் என்று குளிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் இருந்த ஒரே இம்பல்ஸ் எஞ்சினைக் கழற்றி விட்டு வெடிக்க வைத்துச் சமிக்ஞை தருகிறார்கள். கலிலியோவில் ஸ்பாக் எடுத்த அதே முடிவு, முப்பத்தைந்து ஆண்டு கழித்து.

இரண்டு பேர் பேசியே ஓட்ட வேண்டிய கதைக்கு இந்தப் பாட் போதும். ஐந்தாறு ஆட்டக்காரர்கள் உட்காரும் மேசைக்கு வேண்டாம். செய்ய வேலை இரண்டு பேருக்குத்தான் இருக்கும், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷ’னின் டைப்-15 இன்னும் சிறியது. முழு அளவில் பெரிய ஷட்டிலைக் கட்டச் செலவு கட்டுப்படியாகாத நிலையில் 1989இல் வந்த கலம் இது. 1991இல் வெளியான தொழில்நுட்பக் கையேட்டின்படி நீளம் 3.6 மீட்டர், உயரம் 1.6 மீட்டர், எடை ஒரு டன்னுக்கும் கீழே. இருவர் உட்காரலாம், யாரும் எழுந்து நிற்க முடியாது. வேகத்தை மாற்றும் மொத்தத் திறன் நொடிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். இந்த எண்ணைத்தான் எழுதுகிறவர்கள் தவறாகக் கையாள்கிறார்கள். நிலவு பூமியிலிருந்து 3,84,400 கிலோமீட்டர். மொத்தத்தையும் வேகம் கூட்டவே செலவழித்தால் அந்தத் தூரத்தை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே கடக்கலாம். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் நிற்க எரிபொருள் இருக்காது. பாதியை நிறுத்தத்துக்கு ஒதுக்கினால் பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும், திரும்பி வரவும் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே டைப்-15, ஒரு கோளின் சுற்றுப்பாதைக்குள்ளே கப்பலுக்குக் கப்பல் போய்வரும் வண்டி. கோள் விட்டுக் கோள் அனுப்பிவிடாதீர்கள்.

டைப்-6தான் பெரும்பாலானோர் மனதில் இருக்கும் ‘ஷட்டில்’. 1989இல் வந்த ஐந்தாம் திரைப்படத்துக்காகக் கட்டிய முழு அளவுக் கூட்டை மாற்றியமைத்து, 1991 முதல் தொலைக்காட்சியில் பயன்படுத்தினார்கள். நீளம் 6 மீட்டர், எடை 3.38 டன். இரண்டு ஓட்டுநர்கள், பின்னால் இருக்கையைப் பொருத்து ஆறு பேர் வரை. கையேடு தரும் வேகம் வார்ப் 1.2, அதுவும் 48 மணி நேரத்துக்கு. இந்தத் தொடரின் அளவுகோலில் வார்ப் எண்ணை மூன்றே கால் மடிக்குச் சற்று மேலே, அதாவது பத்தை மூன்றால் வகுத்தால் வரும் அடுக்குக்கு உயர்த்தினால் ஒளிவேகத்தின் மடங்கு கிடைக்கும். 1.2க்கு அது சுமார் 1.8. இரண்டு முழு நாள் ஓடினாலும் ஒளி மூன்றே முக்கால் நாளில் போகும் தூரத்தைக்கூடத் தொடாது. சூரியனுக்கு அடுத்த விண்மீன் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. டைப்-6ல் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் போவது நடக்காது. சற்றுப் பெரிய டைப்-7 (8.5 மீட்டர், வார்ப் 1.75, 36 மணி நேரம்) கணக்குப் போட்டால் பத்து ஒளிநாளுக்குள் நின்றுவிடும்.

திரையில் இந்த எல்லையை மீறிய காட்சிகள் உண்டு. நீங்கள் கையேட்டைப் பின்பற்றினாலும் சரி, திரையைப் பின்பற்றினாலும் சரி, ஒன்றை முதல் நாளே மேசையில் சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஆட்டக்காரர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

சண்டைக்கும் டைப்-6 ஆகாது. ‘டார்மாக்’ அத்தியாயத்தில் கப்பல் தலைவர் பிக்கார்டை மீட்க அதிகாரி வோர்ஃப் ‘மெகல்லன்’ ஷட்டிலில் இறங்குகிறார். டமேரியன் கப்பல் குறிபார்த்து ஒரு பக்க எஞ்சின் கூட்டை அடிக்கிறது, அவர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார். ஆனால் இதை மாற்றியமைப்பது எளிது. 1993இல் ‘ஜஸ்ட்மன்’ என்ற ஷட்டிலில் மெட்டாபேசிக் கவசத்தைப் பொருத்தி ஒரு விண்மீனின் கொரோனா என்ற வெளிப்புற வளிமண்டலத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு புதுக் கருவி, அதைச் சோதிக்கப் போன இடத்தில் ஒரு கோளாறு என்று கதை அமைப்பவர்களுக்கு டைப்-6 வாகானது.

இனி டேன்யூப் வகை ரன்னபவுட். மேலே கேட்ட மூன்று கேள்விக்கும் நல்ல பதில் தருவது இதுதான், நாங்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

‘டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999) ஒரு நிலையத்தில் நடக்கும் கதை. நிலையம் நகராது. ஆகவே ஆட்கள் போய்வர, ஷட்டிலைவிடப் பெரிதாகவும் கப்பலைவிடச் சிறிதாகவும் ஒரு கலம் தேவைப்பட்டது. நீளம் 23.1 மீட்டர், வேகம் வார்ப் 5 வரை. அதே சூத்திரத்தில் போட்டால் ஒளிவேகத்தைப் போல 214 மடங்கு. எட்டு நாளில் 4.7 ஒளியாண்டு, அதாவது சூரியனிலிருந்து அடுத்த விண்மீனுக்குப் போய் இன்னும் கொஞ்ச தூரம். எட்டு நாள் என்பது கதைக்கு அருமையான நீளம். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் நேரம் இருக்கும்.

உள்ளமைப்பும் நாலைந்து பேருக்கு ஏற்றது. முன்னால் இரண்டு ஓட்டுநர் இருக்கைகள், பக்கவாட்டில் வேலைமேசைகள், அங்கேயே டிரான்ஸ்போர்ட்டர் மேடை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் இருக்கை, ஒரு வேலை. பின்னால் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை. ‘டைம்ஸ்கேப்’ அத்தியாயத்தில் அந்த அறையின் மேசை மேல் ஒரு பழத்தட்டு இருக்கும். அதைச் சுற்றி மட்டும் காலம் வேகமாக ஓடிப் பழம் அழுகிவிடுகிறது, கையை நீட்டிய பிக்கார்டின் நகங்கள் கணத்தில் நீண்டு வளர்கின்றன. ஓட்டுநர் அறையைத் தாண்டி வாழும் இடம் இருப்பதால்தான் இப்படி ஒரு காட்சியை வைக்க முடிகிறது. ஷட்டிலில் இதற்கு இடமே இல்லை.

சண்டையில்? 1994இல் ஜெம்’ஹாடார் என்ற எதிரிப் படையோடு நடந்த முதல் மோதலில் மூன்று ரன்னபவுட்கள், கேலக்ஸி வகைப் பெருங்கப்பல் ஒடிசியோடு சேர்ந்து போகின்றன. ஒடிசி மோதலில் அழிகிறது, ரன்னபவுட்கள் திரும்பி வருகின்றன. இதை வைத்து அவற்றை வலிமையானவை என்று எண்ண வேண்டாம். எதிரிக்கு அவை முக்கிய இலக்காகத் தெரியவில்லை, அவ்வளவே. தொடர் முழுக்க ரன்னபவுட்கள் தொலைந்துகொண்டே இருந்தன. யாங்ட்சி கியாங் 1993இல் சிறையாகப் பயன்பட்ட ஒரு துணைக்கோளில் விழுந்தது. கேஞ்சஸ், மேகாங், ஒரினோகோ, யூகான் எல்லாம் அடுத்தடுத்துப் போயின. தொடக்கம் முதல் கடைசி வரை தாக்குப்பிடித்தது ரியோ கிராண்டே.

ரன்னபவுட் உடைந்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு 1996இன் ‘தி அசென்ட்’ பாடம். நிலையத்தின் காவல் தலைவர் ஓடோ, மதுக்கடைக்காரர் குவார்க்கை எட்டு நாள் தொலைவில் உள்ள இடத்துக்கு அழைத்துப் போகிறார். வழியில் கலத்தில் மறைத்துவைத்த குண்டு வெடித்து, குளிர்ந்த கோள் ஒன்றில் விழுகிறார்கள். உணவு உண்டாக்கும் ரெப்ளிகேட்டர் போச்சு, தொடர்பும் போச்சு. குளிரைத் தாங்கும் உடை ஒன்றே ஒன்று, இருவர் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒலிபரப்பி மட்டும் பிழைத்திருக்கிறது. விழுந்த இடத்திலிருந்து அதன் சமிக்ஞை வளிமண்டலத்தைத் தாண்டாது, மலை உச்சிக்குத் தூக்கிப்போனால் தாண்டும். ஒருவரை ஒருவர் சகிக்காத இருவர் அந்தக் கனத்த கருவியை மாறி மாறிச் சுமந்துகொண்டு ஏறுவதுதான் மொத்தக் கதை. உங்கள் கலம் விழும்போது இப்படி ஒரே ஒரு பாகத்தைப் பிழைக்க வையுங்கள். அது உடனே பயன்படாமல், பயன்பட ஒரு நிபந்தனை இருக்கட்டும். எல்லாம் உடைந்தால் ஆட்டக்காரர்கள் கைகட்டி உட்காருவார்கள். எல்லாம் நன்றாக இருந்தால் கதையே இல்லை.

டெல்டா ஃப்ளையரைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ‘வாயேஜர்’ தொடரின் 1998 அக்டோபர் அத்தியாயமான ‘எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்’கில், வாயு ராட்சதக் கோளுக்குள் சிக்கிய ஆய்வுக்கருவியை மேலான்கள் என்ற வேற்றினத்தார் பறிப்பதற்கு முன் மீட்க அவசரமாகக் கட்டப்பட்டது. வடிவம் ஓட்டுநர் டாம் பாரிஸுடையது. தொடுபலகைக்குப் பதில் கையால் இழுக்கும் நெம்புகோல்கள் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பார். போர்க் என்ற எதிரி இனத்தின் தொழில்நுட்பச் சாயல் ஆயுதத்தில் உண்டு. முதல் பயணத்திலேயே அழுத்தம் தாங்காமல் உடற்சுவரில் நுண்விரிசல். பொறியாளர் பெலானா டோரஸ் பின்பக்கம் ஓடி, பேசரையும் கையில் அகப்பட்ட பாகங்களையும் வைத்து ஒரு விசைப்புலம் உண்டாக்கி விரிசலை அடைக்கிறார். அடுத்த மாதமே வந்த இன்னோர் அத்தியாயத்தில் நிலத்துக்கடியில் பாறைக்குள் புதைந்தும் நொறுங்காமல் நின்றது. ஆபத்தான வளிமண்டலம், அதிக அழுத்தம், துரத்தல் என்றால் இதற்கு நிகர் கிடையாது.

ஆனால் இது ஒன்றே ஒன்றுதான் இருந்த கலம். 2000இல் போர்க் கனசதுரம் அழித்த பிறகு மறுபடி கட்ட வேண்டியிருந்தது. தன் ஆட்களாலேயே, கைவசம் உள்ள பொருளால் கட்டிய கலம் என்பதில்தான் அதன் அழகே இருக்கிறது. உங்கள் குழு அதை முதல் நாளே கிடங்கிலிருந்து எடுத்து ஓட்டினால் அந்தச் சுவை போய்விடும். வேண்டுமென்றால் ஆட்டத்தின் நடுவில் அவர்களையே கட்ட விடுங்கள். யார் சுவர், யார் எஞ்சின், யார் கட்டுப்பாடு என்று பிரித்துக்கொடுத்து, ஒவ்வொருவர் வேலையிலும் ஒரு பலவீனத்தை ரகசியமாகக் குறித்து வையுங்கள். முதல் பயணத்தில் அதில் ஒன்று விரியட்டும்.

ஆகவே நாலைந்து பேர், நாள்கணக்கான பயணம், நீண்ட தொடர் ஆட்டம் என்றால் ரன்னபவுட். முழுக்கதையும் ஒரு பெரிய கப்பலைச் சுற்றி நடந்து, சிறுகலம் எப்போதாவதுதான் வேண்டும் என்றால் டைப்-6. ஒரே இரவில் முடியும் ஆட்டத்துக்குக் கலிலியோ. மற்றவை குறிப்பான தேவைக்கு மட்டும்.

எதை எடுத்தாலும் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். வாயேஜர் தாய்நாட்டிலிருந்து பல்லாண்டு தொலைவில், பழுதுபார்க்கும் துறைமுகம் எதுவும் இல்லாத இடத்தில் ஓடிய கப்பல். அதில் ஷட்டில் இழப்பு சகஜமாக நடந்தும், அடுத்த வாரம் இன்னொன்று நின்றுகொண்டிருக்கும். ரசிகர்கள் இதை இன்றுவரை எண்ணிக் காட்டுகிறார்கள். அதே கப்பலின் தட்டு வடிவ முன்பகுதிக்கு அடியில் ஏரோஷட்டில் என்ற பெரிய துணைக்கலத்தின் கோடுகள் வடிவமைப்பிலேயே தெரிகின்றன. ஏழு பருவத்திலும் அதை ஒருமுறைகூடப் பறக்கவிடவில்லை. எத்தனை கலம், எந்தக் கிடங்கில், இழந்தால் புதியது கட்ட எத்தனை நாள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால் ஒவ்வொரு இழப்பும் உறைக்கும்.

பெயரும் எண்ணும் கடைசி வேலை. ஷட்டிலுக்குத் தனிப் பதிவெண் கிடையாது. தாய்க்கப்பலின் எண்ணை எழுதி, சாய்கோடு போட்டு, வரிசை எண்ணைச் சேர்க்க வேண்டும். பெயர் பெரும்பாலும் அறிவியலாளர், விண்வெளி வீரர்: ஹாக்கிங், அப்போலோ திட்டத்தில் பணிபுரிந்த நிலவியலாளர் பெயரால் எல்-பாஸ், 1986இல் சேலஞ்சரில் உயிரிழந்தவர் நினைவாக ஒனிசூகா. ‘லோயர் டெக்ஸ்’ தொடரின் செரிட்டோஸ் கப்பல், கலிபோர்னியா வகை என்பதால், யோசெமிட்டி, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி என்று அந்த மாநிலத்துப் பூங்காக்களின் பெயரை வைத்தது. ரன்னபவுட் மட்டும் முழுக் கப்பலின் மரியாதை பெற்றது. யுஎஸ்எஸ் என்ற முன்னொட்டும் சொந்தப் பதிவெண்ணும் அதற்கு உண்டு. பெயர் ஆற்றின் பெயர். ரியோ கிராண்டே என்சிசி-72452, யாங்ட்சி கியாங் 72453, கங்கையின் பெயர் தாங்கிய கேஞ்சஸ் 72454. உங்கள் ரன்னபவுட்டுக்கு இந்த மூன்றையும் விட்டு வேறு எண் எடுத்துக்கொள்ளுங்கள்.